தில்லு நாலு

மணி ஒன்றே கால். மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து, பேசின் பிரிட்ஜ் பக்கமாகப் போகிறது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் திறந்த சாக்கடை. நடுவில் கருங்கல் பலகை பாவிய நடைவழி. விளக்குக் கம்பம் மூன்று. அன்றைக்கு மூன்றுமே எரியவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாசம். மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. சுவர் மேலிருந்து சொட்டுகிறது... டப்... டப்... ரயில் கரிப்புகையும் நனைந்த சாம்பலும் அழுகின சாமந்தியும் சேர்ந்து ஒரு வாசனை.

கதைக்கு முன்னால் ஒரு விஷயம். கையில் இருக்கிற டீ டம்ளரை யாரும் தரையில் வைக்க வேண்டாம். கையிலேயே இருக்கட்டும். காரணம் கடைசியில் தெரியும்.

அந்தச் சந்தில் மூன்று பேர் வருகிறார்கள். மூன்று. அந்த எண்ணிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வருகிறவன் ஸ்டானிஸ்லாஸ். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம லூயிஸுக்கு அத்தை மகன். லூயிஸைக் கேட்டால் அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை என்பான். அவனுக்கு ராத்திரியில் தனியாகக் கொல்லைப்பக்கம் போக வேண்டியிருக்கிறது, பாவம். ஸ்டானிஸ்லாஸுக்கு வீடு ராயபுரம். ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணிக் குறிக்கிற வேலை. முன்னால் பீடியோடு போகிறவன் தண்டபாணி, கப்பல் மேல் சுமை தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவன். பின்னால் சௌக்கத் அலி. சுடுகாட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கு இருந்ததே, அதற்கு ராத்திரி வாட்ச்மேன். வாட்ச்மேன் எப்படிக் கிடங்கை விட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பினான் என்று கேட்காதீர்கள். இருபது வருஷமாக அங்கே ஒரு ஆணிகூடத் திருட்டுப் போனதில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பது திருடனுக்கும் தெரியும்.

ஸ்டானிஸ்லாஸுக்கு ஹார்பரில் இன்னொரு பெயர் உண்டு. எக்ஸ்பிரஸ்.

அது இரண்டு வருஷத்துப் பழைய சங்கதி. ஸ்டானிஸ்லாஸின் தங்கை டோரதி. அவள் புருஷன் கஸ்பார், அதே ஹார்பரில் மூட்டை இறக்குகிறவன். ஒரு நாள் மேலே தொங்கின சுமையின் கயிறு அறுந்தது. கீழே இவர்கள் இருவரும். கஸ்பாரின் கால் வலையில் மாட்டிக்கொண்டது. கையை நீட்டினான். "மச்சான்!" என்றான். ஒரே வார்த்தை. ஸ்டானிஸ்லாஸ் ஓடினான். ஹார்பர் கேட்டைத் தாண்டி, கல்மண்டபம் தாண்டி ஓடினான். நின்றபோது மாதா கோவில் வாசற்படியில் இருந்தான். எப்படி வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கஸ்பார் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

"சாமி, மனசு அங்கேயேதான் நின்னுச்சு. கால்தான் ஓடிச்சு" என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். சாமியார் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். மனசுக்கு அது போதும். காலுக்கு என்ன பரிகாரம் என்று அவர் சொல்லவில்லை. டோரதி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணன் வந்து உட்கார்ந்தால், அவள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான். இரண்டு வருஷம். வாரா வாரம்.

இனி, ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால், இந்த மூன்று பேரும் ஆடின ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு இங்கிலீஷ்காரக் கப்பலில் வந்த ரேடியோ ஆபீசர் ஒரு விளையாட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். அட்டை இல்லை. உள்ளே பறவைநாகமும் பூதமும் கோட்டுப் படமாகப் போட்டிருந்தது. ஒருத்தன் குகை இப்படி, பூதம் இப்படி என்று சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் வீரர்கள். யார் வெட்டினார்கள், யார் விழுந்தார்கள் என்பதைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வார்கள். இவர்களிடம் பகடை ஏது? தண்டபாணி அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்தான். இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு, ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் விழுந்தால் தாயம், அதாவது ஒன்று. நம்ம வீட்டுக் கணக்குதான். ஷிப்ட் முடிந்ததும் கிடங்கில் சிம்னி விளக்கை ஏற்றி வைத்து மூன்று பேரும் குந்திவிடுவார்கள். ஸ்டானிஸ்லாஸ் இங்கிலீஷில் படித்துச் சொல்வான்.

"ஒவ்வொரு பூதத்துக்கும் மாரல்னு ஒரு நம்பர் போட்டிருக்குது" என்றான் முதல் நாள்.

"மாரல்னா ஒயுக்கம்பா" என்றான் தண்டபாணி.

ஒரு வாரம் அப்படியே ஆடினார்கள். ஒழுக்கம் குறைந்த பூதம் பாதிச் சண்டையில் ஓடிப்போகும், ஒழுக்கமான பூதம் நின்று சண்டை போடும். சௌக்கத் அலிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாபா பேஜாரா கீது? ஒயுக்கங் கெட்டவன்லாம் ஓட்றான்னா பாதி வண்ணாரப்பேட்டை காலியாயிருக்கணுமே. ஸ்பெல்லிங்க ஒயுங்கா பாரு."

பார்த்தான். கடைசியில் ஒரு எழுத்து கூட இருந்தது. அகராதியில் தேடினான். "அட, தைரியம்டா... மனசு உடையாம நிக்கிறது."

"அப்டி சொல்லு. தில்லு!"

அன்றிலிருந்து அது தில்லு. சட்டம் இதுதான், கவனமாகக் கேளுங்கள். ஸ்டானிஸ்லாஸ் தமிழ்ப்படுத்தின வார்த்தையிலேயே சொல்கிறேன். கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் மீதிப் பேருக்குத் தில்லு பார்க்கணும். கட்டையில் விழுகிற எண் தில்லு எண்ணைத் தாண்டினால் ஓட்டம். பாதிப் பேர் போனதும் இன்னொரு தடவை பார்க்கணும். இரண்டு தடவையும் தேறிவிட்டால் அதற்கப்புறம் கட்டையே உருட்ட வேண்டாம்... சாகிற வரைக்கும் அங்கேயே நிற்கும்.

சரிக்குச் சரியாக விழுந்தால் நிற்பதா ஓடுவதா என்று ஒரு ராத்திரி பூராவும் சண்டை. "சரிக்குச் சரின்னா நிக்கும். அவ்ளோதான், மேட்டர் ஓவர்" என்று சௌக்கத் அலி தீர்ப்பு சொன்னான்.

அப்புறம் விளையாட்டாகத் தங்களுக்கே நம்பர் போட்டுக்கொண்டார்கள். ஸ்டானிஸ்லாஸ்தான் பின்சுவரில் கரிக்கட்டியால் எழுதினான். தண்டபாணி, ஒன்பது. சௌக்கத், ஏழு.

"எக்ஸ்பிரஸுக்கு முட்டை போடு" என்றான் தண்டபாணி.

"டேய், மனுஷனுக்கு முட்டை கிடையாதுடா."

"சர்தான், தோஸ்தாச்சே. நாலு வச்சுக்கோ. அதுக்கு மேல ஒரு நூல் ஏறாது."

ஸ்டானிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே தன் பெயருக்கு எதிரில் நாலு என்று எழுதினான். எழுதின கை கொஞ்ச நேரம் சுவரிலேயே இருந்தது.

பித்தளைக் கட்டை இரும்புத் தகட்டில் விழுகிற சத்தம் இருக்கிறதே... கிலுங்... கிலுங்... டிங். பின்சுவர் பூராவும் அதிரும். இவர்கள் பேசுகிறதும் சண்டை போடுகிறதும் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். அங்கே இருக்கிறவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

சந்துக்கு வருவோம்.

இருட்டில் தண்டபாணியின் பீடி நெருப்பு மட்டும் முன்னால் போகிறது. ஒரு கல் பலகை ஆடியது. தடக். நெருப்பு வளைந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது. ஸ்ஸ்... பிறகு சுவரில் ஏதோ மோதின சத்தம், தேங்காயைத் தரையில் போட்டது மாதிரி.

"தண்டபாணி?"

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து தடவினான். நெற்றியில் ஈரம். மூச்சு இருந்தது. ஆள் நினைவில் இல்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள். வாயில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"முத ஆளு வுயுந்துட்டான்."

கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல். வயசான பொம்பளைக் குரல். "அப்ப தில்லு பாரு."

புத்தகத்தில் எழுதியிருந்தது சண்டையில் செத்து விழுவதைப் பற்றி. ஸ்டானிஸ்லாஸ் அதை 'விழுந்தால்' என்று மட்டும் சொல்லியிருந்தான். கேட்டவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கிலுங்... கிலுங்... டிங்.

ஸ்டானிஸ்லாஸ் தண்டபாணியின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கிடங்கிலிருந்து கிளம்பும்போது கட்டையைத் தண்டபாணி அதில்தான் போட்டான், இவன் கண்ணால் பார்த்தது. பை காலி.

"சௌக்கத்துக்கு ஏழு. இன்னா வுயுந்துது?"

"ரெண்டும் வெறும் பக்கம்."

"பன்னண்டு."

சௌக்கத் அலி அப்போது ஸ்டானிஸ்லாஸின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். "பயப்படாதபா, நான் இங்கதான்..." என்றான். "கீறேன்" என்கிற மிச்ச வார்த்தை சந்து முனையிலிருந்து கேட்டது. செருப்பு ஒன்று இங்கே, ஒன்று சாக்கடையில். அவன் வேண்டுமென்று ஓடவில்லை. வார்த்தை வாயில் இருக்கும்போதே கால் கிளம்பிவிட்டது. ஸ்டானிஸ்லாஸுக்கு அது புரிந்தது. அவனைத் தவிர வேறு யாருக்குப் புரியும்?

"எக்ஸ்பிரஸுக்கு நாலு."

கிலுங்... கிலுங்...

அவனுடைய வலது குதிகால் கல்லிலிருந்து எழும்பியது. அவன் எழுப்பவில்லை. அதே குதிகால், கப்பலில் எழும்பின அதே மாதிரி. சுவரைக் கையால் பிடித்துக்கொண்டான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது, மழையில் நனைந்த சுவர்.

...டிங்.

"இன்னா?"

"நாலு."

"சரிக்குச் சரி வந்துகீதே?"

"சரிக்குச் சரின்னா நிக்கும். அன்னிக்கே சௌக்கத்து சொல்ட்டான்ல."

குதிகால் மெதுவாகக் கல்லில் இறங்கியது.

இந்த இடத்தில் நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்போம்? தண்டபாணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடையைக் கட்டியிருப்போம். அவனும் கையைத் தண்டபாணியின் அக்குளில் கொடுத்துத் தூக்கத்தான் போனான். ஆனால் குதிகால் எழும்பினது மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு நின்றது கட்டை தயவு. நாளைக்கு யாராவது கை நீட்டினால்? மறுபடி எழும்பாதா? மறுபடி ஒருத்தன் 'மச்சான்' என்று கூப்பிட, மறுபடி கோவில் வாசற்படி...

புத்தகம் படித்தவன் அவன் ஒருத்தன்தானே. மீதிச் சட்டம் ஞாபகம் வந்தது.

"பாதிப் பேர் போயாச்சு" என்றான் சுவரைப் பார்த்து. "மூணுல ரெண்டு பேர் இல்ல. ரெண்டாந்தடவை பார்க்கணும்."

சுவர் மேலிருந்து சொட்டுகிற தண்ணீர் நின்றுவிட்டது.

பிறகு அந்தப் பொம்பளைக் குரல், கிட்டத்தில், சுவரில் வாயை வைத்துச் சொல்கிற மாதிரி. "ஏன் நைனா? அதான் தப்பிச்சிட்டியே. வூட்டுக்குப் போ."

"சட்டம் அப்படித்தான் இருக்குது."

"தேறிட்டா அப்பால கட்டையே உருட்ட மாட்டோம். தெர்யும்ல?"

"தெரியும்."

"எப்பவுமே உருட்ட மாட்டோம்."

"அதுக்குத்தான் கேக்கறேன். உருட்டுங்க."

உருட்டினார்கள். இந்தத் தடவை ரொம்ப நேரம். கட்டை ஏதோ நீளமான கல்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு போகிற மாதிரி... கிலுங்... கிலுங்... கிலுங்... தூரத்தில் பேசின் பிரிட்ஜில் ஒரு என்ஜின் ஊதி ஓய்ந்தது. இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

டிங்.

"தாயம்" என்றது ஒரு குரல்.

"தாயம்" என்றது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தாயம்... தாயம்... என்று வாய் மாற்றி வாய் மாற்றி, சுடுகாட்டின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. அங்கே எத்தனை பேர் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

விடியற்காலை மசூதியில் பாங்கு சொன்ன பிறகு சௌக்கத் அலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்டானிஸ்லாஸ் அதே கல்லில் உட்கார்ந்திருந்தான். தண்டபாணியின் தலை அவன் மடியில். தண்டபாணி முழித்துக்கொண்டு, "இன்னாடா, எனுக்குத் தாலாட்டா பாடிகினு கீறே?" என்று கேட்டான். சுவர் மேல் பித்தளைக் கட்டை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஒரு புள்ளி. ஒன்றில் வெறும் பக்கம். அதை யாரும் எடுக்கவில்லை. அம்மாவுக்குத் தண்டபாணி புதுக் கட்டை வாங்கிக் கொடுத்தான்.

விஷயம் ராயபுரம் பூராவும் பரவியது. அடிபட்டுக் கிடந்தவனை விட்டு எக்ஸ்பிரஸ் ஓடவில்லை, ராத்திரி பூராவும், அதுவும் சுடுகாட்டுச் சுவரோரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போய் உட்கார்ந்தபோது டோரதி எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வூட்டுக்கு வாண்ணா. காபி போட்டு வெச்சிருக்கேன்."

மூன்று மாசம் அவன் ராஜா. மார்க்கெட்டில் மாடு மிரண்டு வந்தது, ஊரே கடைக்குள் ஏறியது, அவன் நடுரோட்டில் நின்றான். மாட்டுக்கே சந்தேகம் வந்து திரும்பிப் போனது. எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு நாள், டீக்கடையில், அவன் தண்டபாணியிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னான்.

"நேத்து பஸ்சு நேரா வந்துதுடா. ஒதுங்கணும்னுதான் நெனச்சேன்... கால் நகரல. சும்மா நடக்கறப்ப நடக்குது. பயம் வந்தா நின்னுடுது."

"சும்மா பீலா உடாத மாமு" என்று தண்டபாணி முதுகில் தட்டினான்.

மாசி மாசம். பகல் பதினொன்றரை. நல்ல வெயில். விஞ்சில் தண்டபாணி. இரும்புப் பெட்டி ஒன்று மேலே தொங்குகிறது. கயிற்றில் ஒரு பிரி விட்டது. பட். இன்னொரு பிரி. பட். கீழே நின்ற ஏழு பேரில் ஆறு பேர் சிதறி ஓடினார்கள். ஓடாதவன் ஒருத்தன்தான்.

"ஓட்றா!" என்று தண்டபாணி மேலிருந்து கத்தினான். "ஓட்றா... டேய் எக்ஸ்பிரஸ்! ஓட்றா எக்ஸ்பிரஸ்!"

ஸ்டானிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தான். எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? என்ன தைரியம், கண்ணைச் சிமிட்டாமல் நின்றான் என்றார்கள். தண்டபாணி மட்டும்தான் நேர் மேலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவன். அந்த முகத்தில் தைரியம் இல்லை. வாய் திறந்திருந்தது. இரண்டு கையாலும் தன் வலது தொடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்... பிடுங்குகிற மாதிரி.

காசிமேட்டுக் கல்லறையில் கஸ்பாருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். டோரதி கேட்டுக்கொண்டது.

தண்டபாணி அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. ஐந்து மாசம் கழித்து ஒரு நாள், மெயின் ரோட்டில் மழைத்தண்ணீர் இடுப்பளவு நின்றது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வேறு வழி இல்லை. அதே ஒன்றே கால். தனியாக வந்தான். கல் பலகையைக் காலால் தடவித் தடவி வைத்தான். விழக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

அந்தப் பக்கம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் சொல்லியிருந்த அதே குரல்கள்தான். என்னவோ வழக்கு. அவன் ஒருத்தனாக வருகிறான், விழவும் இல்லை, இவனுக்கு எப்படித் தில்லு பார்ப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்போது புதுசாக ஒரு குரல். மெதுவாக, இங்கிலீஷ் படித்துத் தமிழில் சொல்கிற குரல்.

"பார்க்கலாம். சட்டத்துல இருக்குது. இவங்க கூட்டத்துல முதல் ஆள் விழுந்தாச்சு இல்ல? நான்தான் அது. தண்டபாணிக்கு ஒன்பது. நானே என் கையால எழுதினது." புதைத்தது காசிமேட்டில்தான், ஆனால் தேறினவன் தேறின இடத்திலேயே நிற்பான்.

கிலுங்... கிலுங்...

தண்டபாணி நின்றான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கிலுங் என்றது கேட்டது. டிங் கேட்கவே இல்லை. பொழுது விடிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தான். கட்டை இன்னும் விழவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது என்கிறார் தண்டபாணி. விழுந்தால் ஓட வேண்டி வருமா, நிற்க வேண்டி வருமா, இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறார் என்று சொல்வதில்லை.

அதனால்தான் டம்ளரைத் தரையில் வைக்க வேண்டாம் என்றது. பித்தளை டம்ளர் அது. வைத்தால் டிங் என்று கேட்கும்.

அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.